கறிக்கு ஒரு நேரம், காய்க்கு ஒரு நேரம்: ஒரே பாத்திரச் சமையலும் ஃபாயில் பொட்டலச் சமையலும்

"எல்லாவற்றையும் நறுக்கிப் போடு, மூடி வை, வெந்ததும் இறக்கு." ஒரே பாத்திரத்தில் கறியும் காய்கறியும் சமைப்பதைப் பற்றிப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியே செய்தால் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றம்தான். கறி கடிபடாமல் இருக்கும், உருளைக்கிழங்கு பாதி கரைந்திருக்கும், பீன்ஸ் நிறம் மங்கித் துவண்டு கிடக்கும். "நமக்கு இது சரிவராது" என்று அந்த முயற்சியையே விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. ஒரு நாள் உழைத்துக் களைத்தபின் ஒரே பாத்திரம் கழுவி முடிகிற இரவு உணவு எவ்வளவு பெரிய நிம்மதி! அதை யாரும் இழக்கக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. கறி வேகும் நேரமும் காய் வேகும் நேரமும் வேறுவேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கும்படி செய்வதுதான் இந்தச் சமையலின் முழு வேலை. பாத்திரத்தில் அதை வரிசையால் செய்கிறோம்: எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது என்று. ஃபாயில் (அலுமினியத் தாள்) பொட்டலத்தை ஒருமுறை மூடினால் மூடியதுதான். அதனால் அங்கே அந்த வேலையைக் கத்தி செய்கிறது: எதைப் பெரிதாக, எதை மெல்லிதாக நறுக்குவது என்று.

கறி வேகும்போது என்ன நடக்கிறது

எல்லாக் கறியும் ஒரே மாதிரி வேகாது. விலங்கு அதிகம் அசைக்காத பகுதிகள் மென்மையானவை: கோழியின் நெஞ்சுக்கறி, முதுகுத்தண்டை ஒட்டிய சதை போன்றவை. நடந்து, சுமந்து, உழைத்த பகுதிகள் கெட்டியானவை: கழுத்து, முன்சப்பை, கால், நல்லிப் பக்கம். உழைத்த சதையில் தசை நார்களைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கும். கறி கடினமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். நன்றாக வெந்த கறியில் நாக்கில் ஒட்டுகிற கொழகொழப்பும் இதிலிருந்தே வருகிறது.

மென்மையான கறியில் சூடு ஏற ஏறத் தசைப் புரதங்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. உள்சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இது வேகமெடுக்கும். அதனால் இந்தக் கறிக்கு நீண்ட நேரம் எதிரி. வெந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

கெட்டியான கறியின் கதை வேறு. அதிலும் முதலில் நீர் வெளியேறும், சதை இறுகும். ஆனால் 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டின் என்ற கொழகொழப்பான பொருளாக மாறும். இதற்கு மணிக்கணக்கில் ஆகும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். முக்கால் மணி நேரம் கொதித்த சப்பைக்கறியை எடுத்துக் கடித்துப் பார்த்தால், பச்சையாக இருந்தபோது இருந்ததைவிடக் கடினமாக இருக்கும். "கறி சரியில்லை" என்று அடுப்பை அணைப்பவர்களும் உண்டு, தீயைக் கூட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். நீர் வெளியேறிச் சதை இறுகிப் போன கட்டம் அது. கொலாஜன் கரையும் கட்டம் இனிமேல்தான் வரப்போகிறது. தீயைக் கூட்டுவதாலும் பயனில்லை. திறந்த பாத்திரமோ சாதாரண மூடி போட்ட பாத்திரமோ, நீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். தீ பெரிதானால் நீர் வேகமாக வற்றும். கறி அதனால் சீக்கிரம் வேகாது. குமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் அளவுக்குச் சிறு தீ போதும். பொறுமைதான் இங்கே வேலை செய்கிறது.

காய்கறிக்குக் கறியைவிடச் சூடு அதிகம் வேண்டும்

இது பலருக்கு வியப்பாக இருக்கும். கறியைவிடக் காய் சுலபமாக வெந்துவிடும் என்று நினைக்கிறோம். நேரம் குறைவுதான், ஆனால் தேவைப்படும் சூடு கூடுதல். காய்கறியின் செல்களைச் சிமென்ட் போலப் பிணைத்திருப்பது பெக்டின். இது நன்றாக இளக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். கோழிக்கறியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட்டால் அது பாதுகாப்பாக வெந்துவிட்டது. அதே 74 டிகிரியில் ஒரு கேரட் துண்டு இன்னும் நறுக்நறுக்கென்றுதான் இருக்கும். ஃபாயில் பொட்டலத்தைத் திறந்தால் கோழி வெந்தும் கேரட் வேகாமலும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

நடைமுறைக்குக் காய்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், டர்னிப் போன்ற கிழங்கு வகைகள் மெதுவானவை. பீன்ஸ், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், குடைமிளகாய் நடுவானவை. பட்டாணி, கீரை, தக்காளி, சுக்கினி வேகமானவை. வெங்காயத்தையும் காளானையும் எந்த நேரத்திலும் சேர்க்கலாம்; எவ்வளவு நேரம் வெந்தாலும் அவை கெட்டுப்போவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் புளிப்பு இருக்கும் நீரில் பெக்டின் இளகத் தாமதமாகும். உருளைக்கிழங்கைப் போடும்போதே நாலைந்து தக்காளியையும் போட்டுவிட்டு, "ஒரு மணி நேரமாகியும் கிழங்கு வேகவில்லையே" என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழங்கு கிட்டத்தட்ட வெந்தபின் தக்காளியைச் சேர்த்தால் சிக்கலே இல்லை. மாறாக, கிழங்கு குழைந்துவிடும் என்று அஞ்சினால் கொஞ்சம் புளிப்பை முன்கூட்டியே சேர்ப்பதும் ஒரு வழி. பச்சைக் காய்களுக்கும் புளிப்பு ஆகாது: பச்சையத்தில் இருக்கும் மக்னீசியத்தைப் புளிப்பும் நீண்ட வேக்காடும் சேர்ந்து வெளியேற்றிவிடுவதால்தான் பீன்ஸும் பட்டாணியும் மங்கிய நிறத்துக்கு மாறுகின்றன. அவற்றைக் கடைசியில் போட்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

பாத்திரத்தில் சமைப்பது

அடி கனமான, மூடி சரியாகப் பொருந்தும் பாத்திரம் ஒன்று இருந்தால் போதும். வார்ப்பிரும்பு சிறப்பு, சூட்டை நெடுநேரம் தக்கவைக்கும், எளிதில் அடிபிடிக்க விடாது. அடி கனமான எஃகுப் பாத்திரமும் நன்றாகவே வேலை செய்யும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் இருக்கப்போகிற உணவுக்கு அது தாங்காது.

முதல் வேலை கறியை வறுத்து நிறமேற்றுவது. இதைத் தவிர்த்தாலும் உணவு வேகும், ஆனால் சுவை பாதியாகிவிடும். கறியின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912இல் இதை விவரித்ததால் இது மையார் வினை எனப்படுகிறது. நீர் இருக்கும் இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஈரக் கறியில் இந்த வினை நடக்காது. ஆகவே கறித் துண்டுகளைத் துணியால் அல்லது தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, எண்ணெய் நன்கு காய்ந்ததும், ஒன்றையொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். பாத்திரம் நிறையப் போட்டால் கறி நீர் விட்டு, அதிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு மூன்று தவணையாக வறுங்கள். ஒரு பக்கம் நன்கு சிவந்த பிறகே திருப்பிப் போடுங்கள். சிவந்த கறி தானாகவே பாத்திரத்தை விட்டு வந்துவிடும்.

இப்படி வறுத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து அது. உண்மையல்ல. வறுத்த கறியிலிருந்தும் சாறு வெளியேறத்தான் செய்கிறது. நாம் வறுப்பது சுவைக்காக மட்டுமே.

கறியை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்குங்கள். பாத்திரத்தின் அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பது அழுக்கு அல்ல, அது சுவையின் சாரம். கொஞ்சம் தண்ணீரோ எலும்புச் சாறோ ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து குழம்பில் சேர்ந்துவிடும். கறுத்துக் கருகியிருந்தால் மட்டும் அதைக் கழுவிவிட வேண்டும். கசப்பு முழுப் பாத்திரத்துக்கும் பரவும்.

இனி வரிசை. நான்கு பேருக்கு ஒரு கிலோ சப்பைக்கறி என்று வைத்துக்கொள்வோம், நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக. இதைவிடச் சிறிதாக நறுக்கினால் கொலாஜன் கரைவதற்குள் துண்டுகள் நீர் வற்றிச் சுருங்கிவிடும். வறுத்த கறியை வெங்காயத்தோடு சேர்த்து, கறியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். முழுக அடிக்க வேண்டாம். கறியும் நீர் விடும், வெங்காயமும் விடும். முதலில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் அரை மணி நேரத்தில் அது உயர்ந்துவிடும். இரண்டு தேக்கரண்டி உப்பு, நசுக்கிய மிளகு, ஒன்றிரண்டு பிரியாணி இலை. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள்.

ஒன்றேகால் மணி நேரம் அதைத் தொடவே வேண்டாம். பிறகு மூன்று சென்டிமீட்டர் அளவில் நறுக்கிய கேரட்டும் உருளைக்கிழங்கும். இன்னும் முப்பது முப்பத்தைந்து நிமிடம். கத்தி நுனி கிழங்குக்குள் தடையின்றி இறங்கினால் அரை கப் நறுக்கிய தக்காளி, அத்துடன் காளான். கடைசிப் பத்து நிமிடத்துக்குப் பீன்ஸ், மூன்று நிமிடத்துக்குப் பட்டாணி. மொத்தம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதில் நீங்கள் அடுப்பருகே நிற்க வேண்டியது முதல் இருபத்தைந்து நிமிடம்தான். கறி வெந்ததா என்று பார்க்க முள்கரண்டியைக் குத்தித் திருகுங்கள். நார் நாராகப் பிரிந்தால் வெந்துவிட்டது. பிரியவில்லை என்றால் காய் போடுவதைத் தள்ளிப் போடுங்கள். மேலே சொன்ன நேரங்கள் ஒரு வழிகாட்டி மட்டுமே. வயதான விலங்கின் கறிக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஆகவே கறியின் பதத்தைப் பார்த்துத்தான் காயைப் போட வேண்டும்.

தக்காளியும் காளானும் சேர்த்தால் கறியின் சுவை திடீரென ஆழமாவதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றில் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் இருக்கிறது. கறியில் இயற்கையாக உள்ள வேறு சில பொருள்களோடு அது சேரும்போது, தனித்தனியாக இருந்ததைவிட உமாமி எனப்படும் ஆழ்ந்த சுவை பல மடங்கு கூடுகிறது. அதனால்தான் இவ்வளவு குறைந்த மசாலாவிலேயே இந்த உணவு நிறைவாக இருக்கிறது.

குழம்பு நீர்த்திருந்தால் மாவு கரைத்து ஊற்றுவதைவிட, வெந்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டைப் பாத்திரத்தின் ஓரத்திலேயே நசுக்கிவிடுங்கள். மாவுத்தன்மையுள்ள கிழங்குகள் தானாகவே கெட்டிப்படுத்தும். துண்டு உடையாமல் வேண்டுமென்றால் மெழுகுத்தன்மையுள்ள, தோல் மெல்லிய கிழங்கைத் தேர்ந்தெடுங்கள்.

கோழியில் செய்வதானால் எல்லாமே சுருங்கும். தொடைக்கறியை எலும்போடு வறுத்து, காயையும் உடனே சேர்த்து, முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் இறக்கிவிடலாம். நெஞ்சுக்கறி வேண்டுமானால் வறுத்து எடுத்து வைத்துவிட்டு, காய் வெந்தபின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு உள்ளே இறக்குங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் காய்ந்து நாராகிவிடும். கொத்துக்கறி இன்னும் எளிது. நறுக்கும்போதே நார் எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டதால் காய் வேகும் நேரம்தான் கணக்கு.

பிரஷர் குக்கர் இருந்தால் கெட்டியான கறிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. அழுத்தத்தில் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்வதால் இரண்டு மணி நேர வேலை முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் முடியும். ஆனால் அதே சூட்டில் காய் கூழாகிவிடும். கறியை மட்டும் முதலில் வேகவைத்து, அழுத்தம் இறங்கியதும் திறந்து காயைப் போட்டு, மூடாமல் சாதாரணமாகக் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் அதே ஒன்றுதான்.

சிவப்பு ராஜ்மா சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு குறைந்த சூட்டில் அழியாது. சிறு தீயிலேயே வேகவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

ஃபாயில் பொட்டலம்

அலுமினியத் தாளில் கறியையும் காயையும் வைத்து இறுக மடித்துச் சூட்டில் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரமே ஆவியாகி உணவை வேகவைக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. காளானில் ஏறக்குறைய 92 சதவீதம் நீர், கேரட்டில் 88, உருளைக்கிழங்கில்கூட 79. ஆவியின் ஆற்றல் சாதாரணமானதல்ல: நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கத் தேவைப்படுவதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் அதை ஆவியாக்கத் தேவை. அந்த ஆவி குளிர்ந்த காயின் மேல் பட்டு நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் அதற்குக் கொடுத்துவிடும். பொட்டலத்தில் ஓட்டை இருந்தால் இந்த வெப்பம் வீணாக வெளியேறுகிறது. ஆகவேதான் மடிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

இதற்கு மென்மையான கறி மட்டுமே பொருந்தும். சப்பைக்கறியும் நல்லிக்கறியும் வேண்டாம். அரை மணி நேரத்தில் அவை வேகவே வேகாது. கோழித் தொடைக்கறி, கொத்துக்கறி வடை, மீன் துண்டு, தொத்திறைச்சி ஆகியவை சரியானவை. எனக்கு இவற்றில் முதல் தேர்வு எலும்பில்லாத கோழித் தொடைக்கறிதான். காரணம் இருக்கிறது. காய்க்கு 85 டிகிரி வேண்டும் என்று பார்த்தோம். நெஞ்சுக்கறி அந்தச் சூட்டில் வறண்டுவிடும். தொடைக்கறியிலோ கொழுப்பும் கொலாஜனும் கொஞ்சம் கூடுதல் என்பதால் 80, 85 டிகிரியில்தான் அது மிருதுவாகவே ஆகிறது. காயும் கறியும் ஒரே சூட்டைக் கேட்கும் அரிதான இணை இது.

இப்போது கத்தி. உருளைக்கிழங்கை அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு வில்லைகளாகச் சீவுங்கள். கேரட்டை அதைவிட மெல்லிதாக. வெங்காயம் வளையங்களாக, பீன்ஸ் நீளவாக்கில், குடைமிளகாய் பெரிய துண்டுகளாக, காளான் முழுதாகவோ பாதியாகவோ. கறி மூன்று சென்டிமீட்டர் துண்டுகள். தட்டில் கொட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாமல் விசித்திரமாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழகாக ஒரே அளவில் நறுக்குவதுதான் பொட்டலச் சமையலில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மெதுவாக வேகுவது மெல்லிதாகவும் வேகமாக வேகுவது பெரிதாகவும் இருந்தால்தான் எல்லாம் ஒன்றாக முடியும்.

ஒருவருக்கு ஒரு பொட்டலம் என்று கட்டுங்கள். 150 கிராம் கறி, 200 கிராம் காய். அதற்கு மேல் அடைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேராது. எண்ணெய், உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, விருப்பமான உலர்ந்த மூலிகை எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் காயோடும் கறியோடும் பிசைந்துவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

அடுக்கும் வரிசையும் நேரத்தின் ஒரு பகுதிதான். சூடு கீழிருந்து வருவதால் உருளைக்கிழங்கு அடியில், அதன் மேல் கேரட், பிறகு கறி, மேலே வெங்காயமும் மென்மையான காய்களும். அடியில் இருக்கும் எண்ணெய் தடவிய கிழங்கு தாளோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் அங்கங்கே பொன்னிறமாகச் சிவக்கும். இந்தப் பொட்டலத்தில் மையார் வினை நடக்கும் ஒரே இடம் அதுதான், ருசியான இடமும் அதுவே.

தாளைத் தாராளமாக எடுங்கள், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம். சாதாரணத் தாள் மெல்லியது, கிழங்கின் முனை குத்தினாலே கிழியும். தடித்த வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு தாளாகப் போடுங்கள். உணவை நடுவில் வைத்து, நீளமான இரண்டு ஓரங்களையும் மேலே சேர்த்துப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று முறை மடியுங்கள். உணவுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், ஆவி சுற்றிவர இடம் வேண்டும். பிறகு இரண்டு பக்கங்களையும் அதேபோல மடித்து அழுத்துங்கள். சரியாக மடித்த பொட்டலம் சூட்டில் மெல்லப் புடைக்கும். புடைக்கவில்லை என்றால் எங்கோ ஆவி கசிகிறது.

பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா? எதுவானாலும் சரி. ஆலையில் கடைசி உருட்டலின்போது இரண்டு தாளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். உருளையில் பட்ட பக்கம் பளபளக்கும், தாளோடு தாள் பட்ட பக்கம் மங்கும். வேக்காட்டில் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. ஒட்டாத பூச்சு பூசிய தாள் மட்டும் விதிவிலக்கு. அதில் எந்தப் பக்கம் உணவைத் தொட வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கும்.

புளிப்பைப் பற்றி இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. தக்காளி, எலுமிச்சை, வினிகர், அதிக உப்பு ஆகியவை அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உணவில் சேர்க்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் அலுமினியத்துக்கு வகுத்த வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1 மில்லிகிராம். எப்போதோ ஒருமுறை பொட்டலம் கட்டிச் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தவிர்க்க எளிதாக இருப்பதை ஏன் தவிர்க்கக் கூடாது? எலுமிச்சையைத் திறந்த பிறகு பிழிந்துகொள்ளுங்கள். தக்காளி கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளே பேக்கிங் தாள் ஒன்றை விரித்து அதன் மேல் உணவை வையுங்கள். இது ஓவனுக்கு மட்டும். தணலில் வைக்கும் பொட்டலத்துக்குள் காகிதம் வேண்டாம், கருகிவிடும். மைக்ரோவேவில் ஃபாயில் பொட்டலத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. உலோகம் நுண்ணலைகளை உள்ளே விடாது என்பதால் உணவும் வேகாது, தாளின் விளிம்பில் தீப்பொறி பறக்கும்.

ஓவனில் 200 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். ஒரு தட்டின் மேல் வையுங்கள், கசிந்தாலும் ஓவன் அசிங்கமாகாது. தணலில் சமைப்பதானால் எரியும் சுடருக்கு மேல் வைக்காதீர்கள். விறகு எரிந்து அடங்கி, வெண்சாம்பல் பூத்த கங்காக ஆகும்வரை காத்திருந்து, அதைப் பரப்பி, அதன் மேலோ கம்பிவலையிலோ வையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் திருப்புங்கள்; மொத்தம் இருபத்தைந்து முப்பது நிமிடம். மீனும் மெல்லிய காயும் மட்டும் என்றால் ஓவனில் பதினைந்து பதினெட்டு நிமிடமே போதும், ஆனால் உருளைக்கிழங்கை அதில் சேர்க்காதீர்கள், அல்லது தனியாக அரைவேக்காடு வேகவைத்துச் சேருங்கள்.

மலைப்பகுதிக்குப் போய்ச் சமைக்கிறவர்கள் கொஞ்சம் நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரமோ பொட்டலமோ, உள்ளே அதற்கு மேல் சூடு ஏறாது என்பதால் காய் இளக இன்னும் நேரமெடுக்கும்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் ஆவி கையைச் சுட்டுவிடும். உங்களிடமிருந்து விலகிய முனையில் சிறு கீறல் போட்டு ஆவியை வெளியேற்றிவிட்டுப் பிறகு திறப்பது நல்லது. மேல்பகுதி வெளுப்பாக இருப்பது பிடிக்கவில்லை என்றால் திறந்த நிலையிலேயே ஐந்து நிமிடம் ஓவனின் மேல் தட்டில் வைத்து எடுங்கள்.

வெந்ததா என்று அறிவது

நிறத்தை நம்ப முடியாது. முழுதாக வெந்த கோழியிலும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு இருக்கலாம். வேகாத கொத்துக்கறியும் பழுப்பாகத் தெரியலாம். குத்திப் பார்க்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். சமையலறையில் இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு கவலையைத் தீர்ப்பது அபூர்வம். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே தாளின் மேல்புறமாகக் குத்திக் கறியின் தடித்த பகுதியில் பார்க்கலாம். அமெரிக்க வேளாண் துறை வகுத்திருக்கும் அளவுகள்: கோழி உள்ளிட்ட பறவைகளுக்கு 74 டிகிரி, கொத்துக்கறிக்கு 71, ஆடு, மாடு, பன்றியின் முழுத்துண்டுகளுக்கு 63 டிகிரியோடு மூன்று நிமிட ஓய்வு, மீனுக்கு 63. கொத்துக்கறிக்கு ஏன் கூடுதல் என்றால், முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த கறியில் அந்த மேற்பரப்பு உள்ளெங்கும் கலந்துவிடுகிறது.

மிஞ்சியதை என்ன செய்வது

பாத்திரத்தில் செய்த கெட்டிக் கறி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். குளிர்ந்தபோது மேலே உறையும் கொழுப்பை எளிதில் வழித்தெடுத்துவிடலாம், கீழே ஜெலட்டின் குழம்பு உறைந்து நிற்கும். ஆனால் பெரிய பாத்திரத்தை அப்படியே அடுப்பு மேல் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத சிறு பாத்திரங்களுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும்.

ஃபாயில் பொட்டலம் மிஞ்சினால் கட்டாயம் தாளிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. 1994இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் எல் பாசோவில் 30 பேர் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்புக்கு ஆளானார்கள். விசாரித்தபோது, ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே அறைச்சூட்டில் வைத்திருந்து பிறகு உணவில் சேர்த்ததே காரணம் என்று தெரிந்தது. மண்ணில் வாழும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கிழங்கின் தோலில் ஒட்டியிருக்கும். சாதாரணச் சமையல் சூட்டில் அவை சாவதில்லை. காற்றுப் புகாத, ஈரமான, வெதுவெதுப்பான தாளுக்குள் அவை முளைத்து நச்சை உண்டாக்குகின்றன. சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள். மிஞ்சியதைப் பிரித்து, மூடிபோட்ட டப்பாவில் மாற்றிக் குளிரவைத்து, மூன்று நான்கு நாளுக்குள் 74 டிகிரி வரை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள்.

முதன்முறை செய்கிறவர்கள் பொட்டலத்தில் தொடங்குவதைவிடப் பாத்திரத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பாத்திரத்தின் மூடியை எப்போது வேண்டுமானாலும் திறந்து, குத்திப் பார்த்து, ருசி பார்த்து, தவறியதைச் சரிசெய்யலாம். எந்தக் காய் எவ்வளவு நேரத்தில் இளகுகிறது என்பது நான்கைந்து சமையலில் கைக்குப் பழகிவிடும். பிறகு பொட்டலத்துக்கு நறுக்கும்போது உருளைக்கிழங்கை எவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.